கன்னிமார் சுனைக்குப் போகாத வழி

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து மலை ஏறும், அடுத்தது பள்ளத்தில் இறங்கும். எழுதப் படிக்கக் கற்று இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, வயது அறுபத்தேழு. ஆரணியில் இருந்து பஸ்ஸில் போய் ஒரே நாளில் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றி என் மகள் கௌரி இந்தப் பக்கத்தில் எழுதிவருகிறாள். இந்த முறை, "நீ போன இடத்த நீயே எழுதுப்பா" என்று நோட்டைக் கொடுத்துவிட்டாள். நான் எழுதிய தாளைப் படம் பிடித்து மேலே போட்டு, கீழே அவள் தட்டச்சு செய்திருக்கிறாள். படம் புரியாதவர்கள் கீழே படியுங்கள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுதுகிறேன் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதை மறைக்க முடியவில்லை.

போன காரணம் இதுதான். நான் முதியோர் வகுப்பில் சேர்ந்த அன்று என் மனைவி சரோஜா ஒரு வேண்டுதல் வைத்தாள். நான் என் பெயரைக் கையெழுத்துப் போட்டுவிட்டால், படவேட்டுக்கு மேலே காட்டில் இருக்கும் கன்னிமார் சுனையில் புதுப்பானையில் பொங்கல் வைப்பதாக. அவள் பிறந்தது அந்தப் பக்கம். சின்ன வயதில் அவள் அம்மா வருடத்துக்கு ஒருமுறை அழைத்துப் போவாராம். வேண்டிக்கொண்டவர் முந்தின இரவில் இருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் வைக்காமல் போய்ப் பொங்க வேண்டும். விரதம் முறிந்தால் அன்று பானையை அடுப்பில் ஏற்றக் கூடாது.

நெசவுக்காரர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்று தறியில் உட்கார மாட்டோம். அதனால் மாசி அமாவாசைக்குக் கிளம்பினோம். ஆரணி பஸ் நிலையத்தில் காலை 6.10க்கு பஸ். எனக்கு இருபத்தைந்து ரூபாய், சரோஜாவுக்கு டிக்கெட் இல்லை. வழியெல்லாம் நான் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். உரக்கடை, பல் ஆஸ்பத்திரி, கண்ணீர் அஞ்சலி, எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

7.25க்குப் படவேடு. நான் டீ குடித்தேன், அவள் குடிக்கவில்லை. அங்கிருந்து காட்டு ஓரம் வரை நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். ஓட்டுநரிடம் வழி கேட்டேன்.

"ஒண்ணும் பேஜார் இல்ல பெரியவரே. பழைய வண்டிப் பாதை, நேரா போய்கினே இருங்க. போர்டு வெச்சிகிறாங்க" என்றார்.

போர்டு என்றதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த வண்டிப் பாதை நல்ல பாதைதான், அதில் பொய் சொல்லக் கூடாது. ஒரு மாட்டுவண்டி போகும் அகலம். செம்மண். சக்கரம் போன தடம் இரண்டும் பள்ளமாக, நடுவில் புல் மேடாக இருக்கும். இரண்டு பக்கமும் புங்கமும் உசிலையும் நிழல் கொடுக்கின்றன. ஏற்றம் குறைவு. எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். 1,450 காலடி எண்ணினேன், சுமார் ஒரு கிலோமீட்டர். அங்கே ஒரு பெரிய புளியமரம். பாதை இரண்டாகப் பிரிகிறது. கவட்டில் பச்சைத் தகரப் பலகை. அம்பு மாதிரி முனை வெட்டி, இரண்டு முகத்திலும் வெள்ளை எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'கன்னிமார் சுனை 1½ கி.மீ.' முனை வலது பக்கம் காட்டியது.

"இது இல்லங்க" என்றாள் சரோஜா. "புளியமரத்தாண்ட இருந்து பீச்சாங்கை பக்கந்தான் எங்கம்மா இட்டுகினு போவும்."

"போர்டுல போட்டுகிது, பாரு."

"எனக்கு இன்னா தெரியும் போர்டு. எனக்கு மரந்தான் தெரியும்."

"உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா? சொம்மா வாமே" என்றேன்.

அவள் பானை இருந்த பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு என் பின்னால் வந்தாள். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. எழுதும்போது இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

வலது வழியில் நிழல் இல்லை. கல்லும் சூரைமுள்ளும்தான். ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிவிட்டது என்று என் கால் சொன்னது. எண்ணிக்கையில் நான்தான் தவறினேன் என்று நினைத்துக்கொண்டேன். எழுதி வைத்தது எப்படித் தப்பாகும்? அறுபத்தாறு வருடம் எழுத்தை மற்றவர் கையில் மட்டும் பார்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். 9.45க்குப் பாதை முடிந்தது. இரும்பு கேட், பூட்டு, முள்கம்பி, உள்ளே யாருடையதோ மாந்தோப்பு. ஒரு நாய் குரைத்தது.

சரோஜா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பையை இறக்கக் கை வரவில்லை, நான்தான் இறக்கினேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்தும் முகம் வெளிறியே இருந்தது.

கம்பி ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"சுனைக்கா? போர்டு பாத்துகினு வந்தீங்களா?"

"ஆமா."

"போன மாசங்கூட கார்ல வந்தவங்க நாலு பேரு இங்கதான் வந்து நின்னாங்க. டிராக்டர் இடிச்சி அது வுழுந்துட்ச்சி. மறுபடி நட்டவங்க முனைய இந்தப் பக்கம் திருப்பி நட்டுட்டாங்க."

"தெரிஞ்சிமா யாரும் மாத்தல?"

"அத்த யாரு தாத்தா படிக்கறாங்க? எங்களுக்குத்தான் வழி தெரியுமே."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படிக்கத் தெரியாத காலத்தில் வந்திருந்தால் புளியமரத்தைப் பார்த்து நேராகச் சுனைக்குப் போயிருப்பேன். அந்தப் பலகை தற்குறியை ஒன்றும் செய்யாது. படித்தவனைத்தான் ஏமாற்றுகிறது.

அந்தப் பெண் சரோஜாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். தன் தூக்குவாளியைத் திறந்து கேழ்வரகுக் கூழை நீட்டினாள்.

"விரதம்மா" என்றேன்.

"விரதம் அடுத்த வாட்டி இருக்கலாம். ஆள் இருந்தாத்தான."

சரோஜா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, "குடு தாயி" என்று வாங்கிக் குடித்தாள். பானை துணி அவிழாமல் பையிலேயே இருந்தது.

இளைப்பாறித் திரும்பிப் புளியமரத்துக்கு வர 11.30 ஆயிற்று. பலகையைப் பிடித்துத் திருப்பப் பார்த்தேன். அசையவில்லை. அடியில் சிமெண்ட் கொட்டியிருக்கிறார்கள். பொய்க்கு அத்தனை பலம் கொடுத்திருக்கிறார்கள். நட்ட கைக்கு, நிமிர்ந்து ஒருமுறை படித்துப் பார்க்க நேரமில்லையாம். காலால் ஒரு உதை விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

சரோஜா பையில் இருந்து மஞ்சள்தூளை எடுத்தாள். பானைக்குப் பூசக் கொண்டுவந்தது.

"எழுதத் தெரியுமில்ல உனுக்கு. எழுது" என்றாள். காலையில் அதே மரத்தடியில் பேசியதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அப்போதுதான்.

தண்ணீரில் குழைத்து, எதிரே இருந்த பாறையில் விரலால் எழுதினேன். 'போர்டு தப்பு. இடது பக்கம் போ.' என்ன எழுதினேன் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன்.

"போங்கன்னு எழுது. பெரியவங்களும் வருவாங்க."

'ங்க' சேர்த்தேன். வகுப்பறைக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து அது. வரிசை கோணல்தான்.

திரும்பும்போது அதே ஆட்டோ வந்தது. ஓட்டுநரிடம் சொன்னேன்.

"அந்த போர்டா? அது ரொம்ப நாளா அப்டித்தான்" என்றார்.

"காலைல சொல்றதுக்கு இன்னாய்யா?"

"படிச்சவரு மாதிரி பேசினீங்க. பாத்துக்குவீங்கன்னு வுட்டேன்."

1.20 பஸ்ஸில் ஏறினோம். ஊர் வரும்வரை நான் ஒரு பலகையும் படிக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பஸ் குறைவு, படவேட்டில் இறங்கியதும் திரும்பும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். முள் இருக்கிறது, செருப்பு போதாது, ஷூ போடுங்கள். புளியமரத்தில் போர்டைப் பார்க்காதீர்கள், பாறையைப் பாருங்கள். கூட வருபவருக்கு வழி தெரியும் என்றால், அவர் படித்தவரா என்று கேட்காதீர்கள்.

மழை வந்தால் மஞ்சள் கரைந்துவிடும். அடுத்த அமாவாசை வரை பொறுக்க எனக்கு மனம் இல்லை. வரும் வெள்ளிக்கிழமை தறியை நிறுத்திவிட்டுப் போகிறோம். அவள் பானையோடு முன்னால் நடப்பாள், நான் அரை லிட்டர் வெள்ளைப் பெயிண்டோடு பின்னால் போவேன். சுனையில் தண்ணீர் இருந்ததா, பொங்கல் எந்தப் பக்கம் பொங்கியது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரை இடது வழி எத்தனை தூரம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்றரை கிலோமீட்டர் என்று போர்டு சொல்கிறது. நான் இன்னும் நடக்கவில்லை.