அப்பா சிரித்த சிரிப்பு

எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் என் கை மடங்கவேயில்லை. குழித்துறையில் பிசியோதெரபி செய்கிற பெண் முழங்கையைத் தொட்டுச் சொன்னாள்: "அக்கா, முன்னால உள்ள தசை இழுக்கும்போ பின்னால உள்ளத அயச்சு விடணும். ரெண்டும் சேந்து இழுத்தா கை மரக்கட்டதான்."

அயச்சு விடு. கரையில் நின்று இழுக்கிற கரமடி வலையின் ஒரு கயிற்றை இழுக்கும்போது, மறுகயிற்றுக்காரர்களைத் தளர்த்தச் சொல்லி அப்பா கத்துகிற சொல். ஈரக் கயிற்றின் உப்பு வாடை அந்த அறைக்குள் வந்துவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவின் காலில் கெளுத்தி மீன் முள் குத்தியது. சுண்ணாம்பு தடவிக்கொண்டு மறுநாளும் வலை இழுக்கப் போனார். ஒரு வாரம் கழித்து, மாதா திருவிழாவுக்குத் தைத்த பாவாடையை அவரிடம் காட்டப் போனேன். பாயில் கிடந்தவர் பல் தெரியச் சிரித்தார், பேசவில்லை.

"எதுக்குப்பா இளிக்கிய? நல்லாயில்லியா? போங்க, இனி உங்ககிட்ட பேசமாட்டேன்" என்று அழுதுகொண்டே ஓடினேன்.

அம்மா கொண்டுபோன கஞ்சிக்கு அவர் வாய் திறக்கவில்லை. முதுகு வில்லாக வளைந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார். "சிரிச்ச மொகத்தோடல்லா போனாரு" என்றார்கள் ஊரார். நாற்பது வருடமாக எங்கள் வீட்டுக்கு அதுதான் ஆறுதல்.

இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் விரல்கள் என் கையில் அப்படியே நின்றன.

"அக்கா, அது சிரிப்பில்ல. ரணஜன்னி, முள்ளு குத்துன புண்ணுல வார டெட்டனஸ். மொகத்துல ஒரு தசைகூட அயயாம எல்லாம் சேந்து இழுத்திருக்கு."

"பேசமாட்டேன்னு நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமா?"

அவள் என் கையை மெல்லக் கீழே வைத்தாள்.

"அந்த நோவுல புத்தி தெளிவாத்தான் இருக்கும், அக்கா."