புதிய கிட்டாருக்கு ஒரு வாரம்

தாமோதரனுக்குக் கடப்பாக்கத்தில் படகு என்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை. மாலையில் அதைப் பூட்டுவதற்கும் மனைவி பவானி சாப்பிடக் கூப்பிடுவதற்கும் நடுவே அரை மணி நேரம் கிடைக்கும். அந்த அரை மணியில் கிட்டார் வாசிப்பார். மேடையில் ஏறும் எண்ணம் இல்லை. யாரும் ஏறச் சொன்னதும் இல்லை.

கிட்டார் பழையது. விலாவில் விழுந்த விரிசலை, ஃபைபர் படகின் ஓட்டையை அடைக்கும் ரெசினால் அவரே அடைத்திருந்தார். கழுத்துப் பகுதி முழுவதும் கிரீஸ் விரல் தடங்கள்.

ஹேமந்த் கல்பாக்கம் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்ப்பவன். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வந்தபோது அவன் ஏறிய படகு உப்பங்கழியின் நடுவில் நின்றுவிட்டது. என்ஜினைச் சரிசெய்யப் போன தாமோதரன், பயணியின் தோளில் கிட்டார் பையைப் பார்த்தார். அப்படித் தொடங்கிய பழக்கம். ஹேமந்த் நிறைய கிட்டார்கள் வாங்கியிருக்கிறான். வாசிக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தம்புதிய கிட்டார் ஒன்றோடு வந்தான்.

"அண்ணா, இதை நீங்க வெச்சிக்கோங்க. பழசை எனக்குக் குடுங்க. பழைய மரத்துலதான் நல்ல சத்தம் வருமாம்."

"யாரு சொன்னது?"

"இன்டர்நெட்ல எல்லாரும் சொல்றாங்க."

"ரெசின் பூசிகினு கீற மரத்தையுமா சொன்னாங்க?"

"அதுதாண்ணா அதோட தனித்தன்மை."

பவானி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாத்த யோசிக்கிற? அந்தத் தம்பி மனசு மாறதுக்குள்ள வாங்கிக்க."

தாமோதரன் ஒரு வாரம் கேட்டார். அதுவரை இரண்டும் இங்கே இருக்கட்டும், அடுத்த ஞாயிறு ஒன்றைத் தருகிறேன் என்றார். அந்த அரை மணி நேரம் இனி எந்தக் கிட்டாரோடு என்பதை அவர் அவசரமாக முடிவு செய்ய விரும்பவில்லை.

புதிய படகு என்ஜினை எடுத்தவுடன் முழு வேகத்தில் ஓட்டக் கூடாது. பழகும்வரை பாதி வேகம்தான்; பட்டறையில் இதற்கு 'ரன்னிங்' என்று பேர். ரேஸ் பண்ணினால் ஆயுசு போய்விடும். இந்த விதியை மீனவர்களுக்குச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர், கிட்டாருக்கும் அதையே கடைப்பிடித்தார். நுனிவிரலால் மெல்லத் தொட்டு வாசித்தார். கொசு பறந்தால் கொசுதான் கேட்டது.

"வாசிக்கிறியா, தடவிக் குடுக்கிறியா?" என்றாள் பவானி.

"ரன்னிங்ல கீது. கம்முனு இரு."

இன்னொரு சிக்கலும் இருந்தது. பளபளக்கும் மரத்தில் கிரீஸ் கையை வைக்க மனம் வரவில்லை. மண்ணெண்ணெயில் கையைத் துடைத்து, சோப்புப் போட்டு, வாசனை போக மறுபடி சோப்புப் போட்டு, ஈரம் காயக் காத்திருந்து கிட்டாரை எடுத்தால் பவானி கூப்பிட்டுவிடுவாள். வியாழக்கிழமை அவர் கை மட்டும் கழுவினார்.

ஞாயிறு ஹேமந்த் வந்தான். வந்த வேகத்தில் புதியதை எடுத்து ஆறு கம்பிகளையும் சேர்த்து ஓங்கி மீட்டினான். தாமோதரன் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் சத்தம் அறை முழுக்க நிறைந்து, மெதுவாக அடங்கியது. பழைய கிட்டாரிலிருந்து அப்படி ஒரு சத்தம் என்றுமே வந்ததில்லை. அது மூவருக்கும் தெரிந்தது.

"போச்சு, ரன்னிங்ல மெதுவா வாசிக்கணும். ரேஸ் பண்ணிட்ட," என்றார் தாமோதரன். "இனிமே இது எனக்கு ஆவாது. நீயே எடுத்துகினு போ."

"ஐயோ, கெட்டுப்போச்சாண்ணா?"

"பொய் சொல்றாரு தம்பி," என்றாள் பவானி. "நல்லாத்தான் பாடுது. வேணாம்னா வேணாம்னு சொல்லேன், அதுக்கின்னா சாக்கு?"

தாமோதரன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். ஞாயிறு என்பதால் ஓரளவு சுத்தமாக இருந்தன.

"நல்லாத்தான் கீது. ஆனா ஒரு வாரமா கைதான் கழுவிகினு கீறேன். ஒரு பாட்டுகூட முழுசா வாசிக்கல. பழசுன்னா வந்த கையோட எடுப்பேன். அது ஒண்ணும் கேக்காது."

ஹேமந்த் பழைய கிட்டாரை ஒரு முறை ஏக்கமாகப் பார்த்தான். பிறகு புதியதைப் பையில் வைத்து மூடினான். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"அண்ணா, அந்த ரன்னிங்... எவ்ளோ நாள் மெதுவா வாசிக்கணும்?"

"ஒரு மாசம். தெனம் வாசிக்கணும். ஒரு நாள் விட்டாலும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்," என்றார் தாமோதரன். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

ஹேமந்த் இப்போது கல்பாக்கத்தில் தினமும் வாசிக்கிறான், மெதுவாக. இதற்கு முன் அவன் எந்தக் கிட்டாரையும் தொடர்ந்து இரண்டு நாள் தொட்டதில்லை.