சர்வேயர் சீஸ் அளந்த சனிக்கிழமை

இந்த வட்டாரத்து எல்லைக்கல் ஒவ்வொன்றும் நம்ம சர்வேயரைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், உட்கார்ந்தபடியேதான் வைக்கும். ஆனால் இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவர் நிலம் பிரித்துக் கொடுத்த அண்ணன் தம்பிகளில் ஒருவர்கூட மறு அளவைக்கு மனுப் போட்டதில்லை என்பது நிஜம். அடித்துக்கொண்டு வந்தவர்கள்கூட, இவர் டேப்பைச் சுருட்டும்போது இவரையே சேர்ந்து திட்டிக்கொண்டு போவார்கள். ஒற்றுமைக்கு அதைவிட என்ன வேண்டும்?

அப்பேர்ப்பட்டவருக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது. முந்தின நாள் மாலையே கடைக்குப் போய், ருசி பார்க்க வைத்திருந்த துணுக்குகளை நாலு தரம் ருசி பார்த்து, கடைக்காரர் முகம் மாறிய பிறகுதான் பெரிய பெரிய ஓட்டை விழுந்த நல்ல சீஸில் ஒரு துண்டு வாங்கினார். "திங்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஃபிரிட்ஜ்லேருந்து வெளிய எடுத்துடுங்க சார்" என்று கடைக்காரர் உபதேசமும் செய்திருந்தார். ஒன்பது மணிக்கு எடுத்து வைத்தாயிற்று. சன்னலோர நாற்காலி, ரொட்டி, ஒரு கொத்து திராட்சை, பழைய பனியன். பத்து மணிக்கு மோட்சம் என்று ஏற்பாடு.

பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. அக்கா. பின்னால் அத்தான். அத்தான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வீட்டில் ஸ்டியரிங் அக்கா கையில் என்பதால் பேசுவதையும் விட்டு வருடங்களாயிற்று.

"என்னடா தம்பி, தனியா உக்காந்து என்ன பண்றே?"

"உங்களுக்காகத்தான் எடுத்து வச்சேன்க்கா." பொய்க்கு வரி போட்டால் சர்வேயர் அன்றைக்கே நொடித்திருப்பார்.

ஸ்கேல் வந்தது. கத்தி வந்தது. உள்ளேயிருந்து வந்த மனைவியையும் சேர்த்து நாலு பங்கு, நூல் பிசகாமல். அக்கா தன் பங்கைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"டேய், இது வழியா உன் முகம் தெரியுதுடா! அப்பா வீட்டு மனையைப் பிரிச்சப்பவும் இதே கதைதான். பாழுங்கிணத்தை என் தலையில கட்டினே. பத்தொன்பது வருஷமா அதுக்கு மூடி மாத்தியே என் காலம் போகுது."

சர்வேயருக்குச் சுருக்கென்றது. சீஸ் போனால் போகட்டும். ஊருக்கெல்லாம் நேர்கோடு போட்டவன் கூடப்பிறந்தவளுக்குக் கோணல் போட்டான் என்ற பேச்சு மட்டும் இன்றோடு ஒழிய வேண்டும். சமையலறைத் தராசை எடுத்து வந்தார். ஓட்டையில்லாத பங்குகளில் கொஞ்சம் சீவினார். நிறுத்தார். மறுபடி சீவினார். சீவிய துணுக்குகள் விழ விழக் காணாமல் போயின.

"வெட்டுத்துண்டு தையல்காரிக்குத்தாங்க. எங்க தொழில்ல அதான் வழக்கம்" என்றாள் மனைவி, வாயைத் துடைக்காமலே. அவள் தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள்; தன் உரிமை அறிந்தவள்.

நாலு பங்கும் ஒரே எடைக்கு வந்தபோது ஒவ்வொன்றும் தீப்பெட்டியளவுக்கு இளைத்திருந்தது.

"எடை சரிதான்டா. உன் மனசுதான் சரியில்லை" என்று அக்கா தீர்ப்பு சொன்னாள்.

"அப்போ என்னோடதை நீங்க எடுத்துக்கோங்க. ஓட்டை எனக்கே இருக்கட்டும்."

தட்டு மாறியது. சர்வேயர் ஓட்டைத் துண்டில் ஒரு ஓரம் கடித்தார். வறுத்த முந்திரி வாசம், அடியில் லேசான இனிப்பு. கண் தானாக மூடிக்கொண்டது. வாழ்க்கையில் அவர் செய்த ஒரே பெரிய தவறு அதுதான்.

"என்னடா கண்ணை மூடுறே? அதுதான் ருசியா? குடு இங்க!"

கடித்த துண்டும் போயிற்று. காலித் தட்டைப் பார்த்தபடி சர்வேயர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சரிக்கா. தப்பு என்னோடதுதான். கிணத்தை உங்க பக்கம் தள்ளினது நாந்தான். அந்தத் துண்டை மட்டும் குடுத்துடுங்க."

அக்கா புருஷன் பக்கம் வெற்றியோடு திரும்பினாள். "கேட்டீங்களா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்!"

தன் பங்கைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு விரலை நக்கிக்கொண்டிருந்த அத்தான், வருடக்கணக்கில் திறக்காத வாயைத் திறந்தார்.

"மாப்பிள்ளை எங்கேடி தள்ளினாரு? ரெண்டு சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டோம். முதல்ல எடுத்த சீட்டைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம, ராசியில்லைன்னு போட்டுட்டு, இன்னொண்ணை எடுத்தது நீதான்."