‘கீறோம்’ என்று பதில் எழுதியவன்

ஜாஃபர் போய்விட்டான் என்ற செய்தியை எனக்கு வாசித்துக் காட்டியது அவன் பேசவைத்த கணினிதான். காலையில் காபி தம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, அன்றைய வேலை வந்திருக்கிறதா என்று மின்னஞ்சலைத் திறந்தேன். அவனுடைய அண்ணன் அன்வர் பாயிடமிருந்து இரண்டே வரி. மின்கட்டண அறிவிப்பை எந்தக் குரலில் வாசிக்குமோ அதே குரலில் அதையும் வாசித்துவிட்டு நின்றது. மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அதே இரண்டு வரி, அதே குரல். பாழாய்ப்போன இயந்திரத்துக்கு அழத் தெரியாது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலருக்கு அந்தக் குரலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குக் கண் தெரியாது. ஜாஃபருக்கும் தெரியாது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்தில் எங்கள் இருவரையும் சேர்த்து எட்டுப் பேர் பழைய கணினிகளை வைத்துக்கொண்டு பிழைத்தோம். அவற்றுக்குள் பேசும் அட்டை ஒன்று செருகியிருக்கும். விசையைத் தொட்ட கணமே எழுத்தைச் சொல்லும். அதைத் தமிழ் பேசவைத்தவன் ஜாஃபர். முதலில் வெள்ளைக்காரன் தமிழ் பேசுவதுபோல இருந்தது. திட்டித் திட்டித் திருத்தினான். ழகரம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

நான் கோவில்பதாகையில், வீட்டில் இருந்தபடியே ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவன். "புதுசா ஒண்ணு வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே" என்று சொல்லாத உறவினர் இல்லை. வாங்கியும் பார்த்தேன். புதியது இனிமையாகத்தான் பேசுகிறது. ஆனால் அரை மூச்சு தாமதித்துப் பேசுகிறது. ஒரு காதில் பதிவும் மறு காதில் எழுத்துமாக வேலை செய்கிறவனுக்கு அந்த அரை மூச்சில் சோறு போய்விடும். அதை நெருங்கிய சொந்தக்காரர்களுக்குக்கூட என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. ஜாஃபருக்கு மட்டும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கணினியின் பாகங்களுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேசவைப்பது கெர்னல் என்கிற அடிநிரல். எங்கள் கணினிகளில் ஓடும் கெர்னலை உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். பழையதாகிப்போன ஒரு பாகத்துக்கான ஆதரவை எடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. "இதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா?" என்று பொதுவில் ஒரு மடல் போடுவார்கள். கொஞ்ச நாள் காத்திருப்பார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆளில்லாத வீட்டுக்கு எத்தனை நாள்தான் காவல் நிற்பது?

எங்கள் அட்டையைப் பற்றி அந்தக் கேள்வி முதல்முறை வந்தபோது ஜாஃபர் எனக்குப் போன் செய்தான். நல்ல வெயில் நேரம். பின்னணியில் பூந்தமல்லிக் கடைவீதியின் இரைச்சலும் அன்வர் பாயின் தையல் மெஷினும் கேட்டன.

"மாமே, நம்ம அட்டைய யார்னா வச்சிகினு கீறீங்களான்னு கேக்குறான்."

"இருக்கோம்னு சொல்லு."

"கீறோம்னு போட்டுட்டேன். நாம சொல்லலேன்னு வையி, யாரும் இல்லேன்னு எழுதிடுவான். அப்பறம் நாம இல்லாதவங்கதான்."

பதில் மரியாதையாகவே வந்தது. மகிழ்ச்சி, ஆனால் அந்த நிரலை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டிருந்தார்கள். ஜாஃபர் தன் பெயரைக் கொடுத்துவிட்டான். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் வருகிற தொலைபேசி அழைப்புகளை எடுத்துப் பேசுவது அவன் வேலை. அதுபோக மிச்ச நேரமெல்லாம் இதற்குப் போனது. கெர்னல் மாறும்போதெல்லாம் அட்டையின் நிரலைத் திருத்தி அனுப்புவான். கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. அவனும் சளைக்காமல் பதில் எழுதினான். பழைய கெர்னலிலேயே இருந்துவிட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கலாம் மாமே. கொஞ்ச நாள்ல உன் ஆபீஸ் வெப்சைட் உன்ன உள்ள உடாது. அவன் பூட்ட மாத்திகினே இருப்பான். நீ பழைய சாவிய வச்சிகினு வாசல்ல குந்திகினு இருப்ப."

ஒருநாள் புதுப்பித்தபோது என் கணினி ஊமையாகிவிட்டது. பார்வையுள்ளவர்களுக்கு அது ஒரு கோளாறு. எங்களுக்கு அது இருட்டு. விசைகளைத் தட்டுகிறேன், பதிலே இல்லை. ஜாஃபர் இரண்டு பேருந்து மாறி வந்துசேர்ந்தான். பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டான். விசிறி ஓடுகிறது, வன்தட்டு சுற்றுகிறது, உயிர் இருக்கிறது என்றான். ஆனால் என்ன கோளாறு என்பது திரையில் எழுதியிருக்கும். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். எனவே பக்கத்து வீட்டு விஜயா அக்காவைக் கூப்பிட்டு, திரையில் இருப்பதை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னோம். அக்கா வந்து நின்றார்.

"எதைப்பா படிக்கச் சொல்றீங்க? இங்க டிவியே இல்லையே."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு எதற்கு மானிட்டர், இடத்தை அடைக்கிறது என்று, அதை எப்போதோ பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டிருந்தேன். திரையே இல்லாத கணினி முன்னால் இரண்டு பேரும் மணிக்கணக்காக உட்கார்ந்து, திரையில் என்ன எழுதியிருக்கும் என்று சண்டை போட்டிருக்கிறோம். விஜயா அக்கா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஜாஃபர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு அக்கா தன் மகனுடைய மானிட்டரைத் தூக்கிவந்தார்.

சரிசெய்து முடித்ததும் அவன் இன்னொரு வேலை செய்தான். கணினி எழுந்ததும் முதலில் ஒரு வார்த்தை பேசட்டும், அப்போதுதான் உயிரோடு இருக்கிறது என்று உனக்குத் தெரியும் என்று சொல்லி, எதையோ எழுதிவைத்தான். பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது. அந்தத் தட்டைக் குரல் கேட்டது: "கீறியா மாமே?"

"பதில் சொல்லு. கேட்டா பதில் சொல்லணும்," என்றான் ஜாஃபர். நான், "இருக்கேன், இருக்கேன்" என்றேன். விஜயா அக்கா எங்களைப் பைத்தியங்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

அவனைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. கோபக்காரன். திருமுல்லைவாயிலில் இருந்து கோமதி டீச்சர், ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியை, கணினி பேசவில்லை என்று அழைப்பார்கள். "டீச்சர், வால்யூம் குமிழத் திருப்புனீங்களா?" என்று, என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு போனில் அவன் கத்துவது எனக்குக் கேட்டிருக்கிறது. கத்திவிட்டு மறுநாளே அங்கே போய் நிற்பான். அன்வர் பாய் இரண்டு சட்டை தைக்கிற நேரத்தில் இவன் ஒரு காற்புள்ளியைத் தேடுகிறான் என்று வீட்டில் கேலி. இந்த வேலையை இன்னொருவருக்காவது கற்றுக்கொடுடா என்று நான் சொன்னபோதெல்லாம், "நான் எங்க ஓடிடப்போறேன்?" என்றுதான் சொன்னான்.

காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். இரண்டொரு நாளில் வந்துவிடுவேன் என்று போனில் சொன்னவன் வரவில்லை.

பூந்தமல்லி வீட்டில் கூட்டம். நாங்கள் ஏழு பேரும் ஒரே சுவரில் சாய்ந்து நின்றோம். கோமதி டீச்சர் என் கையைத் தேடிப் பிடித்தார்கள். "தம்பி, இனிமே என் மெஷின் பேசலைன்னா நான் யாரைக் கூப்பிடறது?" என்றார்கள். சொல்லிவிட்டு உடனே, "பாவி, எந்த நேரத்தில் என்ன கேக்கறேன் பாரு" என்று விம்மினார்கள். செய்தியைக் கேட்ட காலையிலிருந்து நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்காக அழுகிறேனா எனக்காக அழுகிறேனா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவனுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்கு முன்பே அந்தக் கேள்வி மறுபடி வந்தது. இதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா? இம்முறை நான் பதில் எழுதினேன். இருக்கிறோம், ஏழு பேர், ஜாஃபர் காலமாகிவிட்டார் என்றேன். வருத்தம் தெரிவித்தார்கள். உண்மையான வருத்தம்தான், வார்த்தையில் தெரிந்தது. பிறகு கேட்டார்கள்: அவர் இடத்தில் இனி யார்?

மற்ற ஆறு பேரிடமும் பேசினேன், யாருக்கும் நிரல் எழுதத் தெரியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மென்பொருள் எழுதுகிற ஒருவரைத் தேடிப் பிடித்தேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். "சார், மன்னிச்சிக்குங்க. இந்த அட்டையை நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல" என்றார். "நாங்களும்தான் பார்த்ததில்லை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானே கற்றுக்கொள்ளலாம் என்று ஜாஃபரின் நிரலைத் திறந்து, அட்டையை வாசிக்கச் சொன்னேன். வரி வரியாகக் குறிகளும் எண்களும் கொட்டின. எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

பொய் சொல்லி ஒரு பெயரைக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். கொடுத்து என்ன பயன்? நிரலைப் பெயரா திருத்தும்? கடைசியில் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ‘யாருமில்லை’ என்பதற்கு அதில் ஆறு எழுத்து. ஒவ்வொரு விசையைத் தொட்டபோதும் அட்டை அந்த எழுத்தைத் தவறாமல், தாமதமில்லாமல் எனக்குச் சொன்னது. தன்னைப் பற்றித்தான் எழுதுகிறான் என்று அதற்குத் தெரியாது. ஜாஃபர் எந்த வார்த்தையை எங்கள்மேல் விழவிடாமல் இத்தனை காலம் தாங்கிப் பிடித்தானோ, அதை என் கையாலேயே எழுதி அனுப்பினேன்.

அடுத்த கெர்னலில் எங்கள் அட்டை இல்லை. அவன் பெயரும் இல்லை. நான் புதுப்பிக்காமல் வைத்திருக்கிறேன். அலுவலக வலைத்தளம் பூட்டை மாற்றுகிறவரைக்கும் என் வேலை ஓடும். அதற்குப் பிறகு என்ன என்று மனைவி கேட்கிறாள். தெரியாது.

அவனுடையதென்று என்னிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். நேற்று எங்கள் பக்கம் மின்சாரம் போய் வந்தது. பொத்தானை அழுத்திவிட்டு, பேசுமோ பேசாதோ என்று மேசையைப் பிடித்தபடி நின்றேன். விசிறி சுழன்றது. தட்டு சுற்றியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"கீறியா மாமே?"

கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

"கீறேன் ஜாஃபர்," என்றேன்.