கடைசி வரிக்கும் இருபது வருஷம்

தெருவில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "இருபது வருஷத்தக்கா" என்றால் கைநீட்டி வழிகாட்டுவார்கள். தம்பி நடத்தும் துப்பாக்கிக் கடையில் விற்பனைப் பதிவேடு எழுதுவதுதான் அவர் வேலை. துப்பாக்கி வாங்க வந்தவர் யாராவது கேள்விகளுக்குச் சலித்துக்கொண்டால், "சட்டப்படி இந்தப் பதிவேட்டை இருபது வருஷம் வச்சிருக்கணும், ஒழுங்கா சொல்லுங்க" என்பார். சொல்லிச் சொல்லி அதுவே பட்டப்பெயராகிவிட்டது.

வாங்குபவரின் பெயர், விலாசம், லைசென்ஸ் எண் எல்லாம் எழுதுவார். துப்பாக்கியில் பொறித்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் எழுதுவார். ஆனால் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. பின்கட்டில் தம்பி குழலைச் சோதிக்கப் போனாலே காதைப் பொத்திக்கொண்டு எதிர்த்த தையல்கடைக்கு ஓடிவிடுவார். துப்பாக்கிக் கடையில் இருந்துகொண்டு இப்படியா என்று தையல்காரர் கேலி செய்வார். "மீன் விக்கிறவங்க எல்லாம் நீந்தவா செய்றாங்க?" என்பார் அக்கா.

அன்று காலை பத்து மணிக்கு ஒரு பெண் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டுவிட்டு மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தாள். அவள் கணவன் தோட்டக் காவலாளி. முந்தின நாள் போலீஸ் சோதனையில் அவனுடைய துப்பாக்கியைப் பிடித்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிடங்கில் திருடுபோன துப்பாக்கிகளும் அதே வகை. இதுவும் அதில் ஒன்று என்று சந்தேகம். அதற்கும் ஆறு வருஷம் முன்னாலேயே இந்தக் கடையில் வாங்கியது என்று அவன் தலைதலையாய் அடித்துக்கொள்கிறான். ரசீது இல்லை. மதியம் இரண்டு மணிக்குள் அத்தாட்சி வராவிட்டால் வழக்குப் போட்டுவிடுவார்கள்.

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பதினெட்டு வருஷம்தானே! துள்ளிக்கொண்டு பின்னறைக்குப் போனார். அலமாரியின் கீழ்த்தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

புது தோட்டாப் பெட்டிகள் வைக்க இடம் வேண்டியிருந்தது, அதனால் பழைய பதிவேடுகளைக் காலையில் காகித ஆலை வண்டியில் ஏற்றிவிட்டேன் என்றார் தம்பி. அட்டையில் இருபத்தொரு வருஷத்துக்கு முந்தின தேதி இருந்ததாம். கெடு தாண்டிவிட்டதே என்றார் சாவகாசமாக.

"அது முதல் வரியோட தேதிடா. வியாபாரம் மந்தமா இருந்த காலம், ஒரே புத்தகம் நாலு வருஷம் ஓடுச்சு. ஒவ்வொரு வரிக்கும் அதுஅதுக்கு இருபது வருஷம். கடைசி வரிக்கும் முடிஞ்சாத்தான் புத்தகத்துல கை வைக்கணும்."

"அட்டையில தேதி ஒட்டினது யாரு அக்கா?"

ஒட்டியது அக்காவேதான். அவர் மனசுக்குத் தெரிந்த கணக்கு அட்டைக்கு எப்படித் தெரியும்?

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஸ்கூட்டரில் தொற்றினார். ஐம்பத்து மூன்று வயதில் முதல் ஸ்கூட்டர் பயணம். காவலாளியின் மனைவி காற்றாய்ப் பறந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா கண்ணை இறுக மூடினார், ஆனால் மெதுவாகப் போ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஆலை முற்றத்தில் காகித மலை. ஒரு பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாக எடுத்துக் கூழ்த்தொட்டியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்கா போட்ட சத்தத்தில் தொட்டிக்காரர் வெடிகுண்டோ என்று பயந்து இயந்திரத்தை நிறுத்திவிட்டார். விஷயம் புரிந்ததும் அவரும் சேர்ந்து தேடினார். பள்ளிக்கூட நோட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், எவருடையதோ பரீட்சைத் தாள்கள். தொட்டியின் விளிம்பில், அடுத்துத் தள்ள வேண்டிய கட்டில், பச்சைத் துணி அட்டை தெரிந்தது. எட்டி இழுத்ததில் அக்காவின் ஒரு கை முழங்கை வரை கூழுக்குள் போய் வந்தது. புத்தகத்தின் ஓரம் மட்டும் நனைந்திருந்தது.

நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். எண்பத்திரண்டாம் பக்கம், ஐந்தாவது வரி. காவலாளியின் பெயர், துப்பாக்கியின் எண், தேதி. அவள் கொண்டுவந்த போலீஸ் சீட்டோடு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டார்கள். கடைசி இலக்கமும் பொருந்தியபோது இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைகள் போலக் குதித்தார்கள்.

ஒன்றே முக்காலுக்கு ஸ்டேஷன். அதிகாரி வரியைப் படித்தார், எண்ணைச் சரிபார்த்தார், காவலாளியை விடுவிக்கச் சொன்னார். புத்தகம் இங்கேயே இருக்கட்டும் என்று கை நீட்டினார். அக்கா நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நகல் எடுத்துக்குங்க சார். இதுல இன்னும் நாப்பத்தாறு பேருக்குக் கெடு முடியல. நாளைக்கு அவங்கள்ல யாராவது வந்து நின்னா நான் எதைக் காட்டுவேன்?"

அதிகாரி அவரையும் கூழ் காய்ந்த கையையும் ஒருமுறை பார்த்தார். பிறகு நகல் எடுத்து அதில் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்த காவலாளி மனைவியிடம் முதலில் கேட்டது, வீட்டைப் பூட்டினாயா என்று. "உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு வந்திருக்கேன், இவருக்குப் பூட்டு பெருசாப் போச்சு" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. ஸ்கூட்டரில் இரண்டு பேர்தான் போக முடியும். அவர்களை அனுப்பிவிட்டு அக்கா பேருந்து ஏறினார். சன்னலோரம் உட்கார்ந்து, நனைந்த பக்கங்கள் ஒட்டிக்கொள்ளாமல் காற்றில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடித்துக்கொண்டே வந்தார்.