ஆலா முட்டைக்குக் காவல்

கோடை வந்தால் கழிமுகத்து மணல்திட்டில் ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிடும். பதினோரு வருடமாக அவற்றுக்குக் காவல் இருந்ததால் அவருக்கு ஆலாக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“எவளோ போட்ட முட்டைக்குக் காவல் போங்க. நம்ம கோழியை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு” என்பாள் மனைவி.

அவர் சிரித்துக்கொண்டே போவார். நாய்களை விரட்டுவார். அடும்புக்கொடி படர்ந்த மேட்டில் ஆடுகளை ஏறவிடமாட்டார். வனத்துறை அலுவலகம் சொன்னபடி தினமும் உச்சிவெயிலில் குனிந்து குனிந்து முட்டைகளை எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை தாய்ப்பறவைகள் முட்டையைவிட்டு எழுந்து அவர் தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றும்.

இந்த வருடமும் பாதிக்குமேல் பொரியவில்லை. கூமுட்டை என்று குறிக்கப் போனவர் கைதவறி ஒன்றை உடைத்துவிட்டார். உள்ளே குஞ்சு வெந்து கிடந்தது.

ஆலாக்கள் வயிற்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அது சூடு தணிக்கத்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. செருப்பையும் மீறி மணல் காலைச் சுட்டது.

“ஏங்க, முகம் செத்துக் கிடக்கு? நாய் வந்துச்சா?” என்று வீடு திரும்பியவரிடம் கேட்டாள் மனைவி.

“நாய் வரல. நான்தான் தினமும் போனேன்.”