நாலு விரல் மஞ்சள்

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மகள் வெள்ளைக் கோட்டை உதறினாள். உதறிய கை அப்படியே நின்றது. தோள்பட்டையில் மஞ்சளாக நாலு கோடுகள், பக்கம் பக்கமாக, விரல் தடிமனில். யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டுவிட்டு, மனசில்லாமல் கையை எடுத்தது போல.

"அம்மா, இங்க வாயேன்."

பாலிஷ்காரம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"நாலு விரல்மா. கட்டைவிரல் இல்ல."

அப்பாவின் வலது கையில் கட்டைவிரல் கிடையாது. மகள் பிறப்பதற்கு முன்பே பட்டறை மெஷின் அதைத் தின்றுவிட்டது. அந்த நாலு விரல் கையோடுதான் அவர் கடைசிவரை தச்சுவேலை பார்த்தார். அவர் போன பிறகு வந்த முதல் மழைக்காலம் இது.

"கழுவினா போயிடும், குடு" என்றாள் பாலிஷ்காரம்மா. கோட்டை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். கறை எங்கிருந்து வந்தது என்று பார்த்த மாத்திரத்திலேயே அவளுக்குத் தெரியும்.

மரச்சாமான் கடைகள் நிறைந்த அந்தத் தெருவில் அவள் புருஷனுக்கு 'ரம்பம்' என்று பெயர். கையில் எப்போதும் ரம்பம் இருந்ததால் பாதி, வாயைத் திறந்தால் நிறுத்தமாட்டார் என்பதால் மீதி. அவர் அறுத்து இழைத்துப் பூட்டுவார். அவள் உப்புத்தாள் தேய்த்து, ஸ்பிரிட்டில் ஊறிய அரக்கைப் பஞ்சில் தொட்டுப் பளபளப்பு ஏற்றுவாள். கை வேலை செய்ய, காது அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும். மரத்தூள் பட்டாலே தும்மித் தும்மிக் கண் வீங்கிவிடும் என்பதால் மகளைப் பட்டறைப் பக்கம் விட்டதில்லை. மரத்தைப் பற்றி அவர் பேசியதெல்லாம் மனைவிக்கு மட்டும்தான்.

வேங்கை என்றால் அவருக்குத் தலைகால் புரியாது. "அது லேசுப்பட்ட ஆளில்ல" என்று ஆரம்பிப்பார். பச்சை மரத்தை வெட்டினால் ரத்தம் மாதிரி பால் கசிந்து கண்ணாடிபோல் இறுகும். கரையான் அண்டாது. வாசல் நிலைக்கோ தூணுக்கோ போட்டால் பேரன் காலத்துக்கும் அசையாது. ஆனால் இழைப்புளி பிடிப்பவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரவழைக்கும். நார் ஒரு வரி இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்த வரி அந்தப் பக்கம். எப்படித் தள்ளினாலும் பாதி வழவழக்கும், பாதி பிய்ந்து வரும். "நம்ம ரெண்டு பேரும் பேசிக்கிற மாதிரியே" என்று கண்ணடிப்பார். பிறகு குரலைத் தாழ்த்துவார். "ஒரே ஒரு கெட்ட புத்தி. ஈரம் பட்டா மஞ்சள் கக்கும். சுண்ணாம்புச் சுவரையே கறையாக்கிடும்."

இடித்த பழைய கட்டடம் ஒன்றின் வேங்கை நிலைகளை வாங்கி வந்து, மகளுக்கென்று அலமாரி செய்தார். துணிக்குக் காற்றோட்டம் வேண்டுமென்று தட்டுகளைப் பலகையாகப் போடாமல், விரல் அகல ரீப்பர் சட்டங்களாக இடைவெளி விட்டு அடித்தார். முடித்ததும் மனைவியிடம் சொன்னார்: "உள்ளயும் ரெண்டு கை பாலிஷ் போட்டுடு."

"உள்ள யாரு வந்து பாக்கப் போறா?" என்றாள் அவள். அந்தத் தெருவில் யாருமே அலமாரியின் உள்பக்கத்துக்குப் பாலிஷ் போடுவதில்லை. வெளியே முகம் தெரிய மின்னினால் போதும். உள்ளே வெறும் மரம். அவளும் வெளியோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரம்தான் மகள் வெளிநாட்டில் ஒரு பரிசோதனைக்கூட வேலைக்கு முயற்சி செய்வதாகச் சொன்னாள். அவர் அவள் தோளில் கை வைத்து, "கொஞ்சம் நில்லுடா, பேசலாம்" என்றார். அவளுக்கு நேரமாகியிருந்தது. தோளைக் குலுக்கிக் கையை உதறிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது, பட்டறையில் இழைத்த பலகைமேல் தலை சாய்ந்தபடி உயிர் போயிருந்த அவரை எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள்.

இப்போது அந்த வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். முதல் கறைக்குப் பிறகு இரண்டாவது கோட்டிலும் கறை வந்தது. அதே தோள், அதே நாலு விரல். மகள் கோட்டை எப்போதும் தோள்பட்டை அடியில் வரும்படிதான் மடித்து அந்த அலமாரியில் வைப்பாள். மழையில் துணி முழுதாகக் காய்வதும் இல்லை.

"நான் போகலம்மா" என்றாள் சாப்பிடும்போது. "அப்பா விடமாட்டேங்கறாரு."

பாலிஷ்காரம்மா மகள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். 'போகாதே' என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது, துணிச்சல் இல்லை. அவள் சொல்லாததை அந்த அலமாரி சொல்லிக்கொண்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வீட்டில் இரண்டு சாப்பாட்டுத் தட்டு தொடர்ந்து விழும்.

மறுநாள் சோபா தைக்கும் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கொடியில் தொங்கிய கோட்டைக் கண்டதும் நடையின் வேகம் குறைந்தது.

"அக்கா, ரம்பம் அண்ணன் வந்துட்டுப் போறாராமே. நிஜமா?"

"வந்தா உன்கிட்ட வாங்கின ஆணியத் திருப்பிக் குடுக்கச் சொல்றேன்."

"சிரிக்காதீங்கக்கா. அவரு வந்தா சும்மா போவாரா? விடிய விடிய மரத்தப் பத்திப் பேசுவாரே!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் பேசிக்கொண்டுதானே இருக்கிறார் என்று தோன்றியது. உள்ளேயும் ரெண்டு கை போடு என்று கடைசியாகக் கேட்டது அவளிடம்தான். அப்படியானால் அந்தக் கை யாரைத் தொட வருகிறது?

அன்று சாயங்காலம் விளக்கேற்றும் முன்பே அறை இருட்டியிருந்தது. வெளியே மழை. அவள் துணி மடிக்கப் போனவள் வாசலில் நின்றுவிட்டாள். மகள் அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, அதன் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து ஈர வேங்கையின் வாசனை, அப்பா சட்டையில் வருமே அதே வாசனை, அறை முழுக்க நிறைந்திருந்தது.

"அன்னிக்குத் தெரியாம உதறிட்டேன்ப்பா" என்று மகள் அலமாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் எங்கயும் போகல. கைய எடுங்கப்பா. பயமா இருக்கு."

பெற்ற அப்பனைக் கண்டு பிள்ளை பயப்படுகிறது. பாலிஷ்காரம்மா சமையலறைக்குப் போய் வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து வந்தாள். மகளைத் தாண்டிக் கையை நீட்டி, ரீப்பர்கள்மேல் துணியை விரித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

"என்னம்மா பண்ற?"

"கொஞ்சம் இரு."

பிறகு துணியைப் புரட்டிக் காட்டினாள். மஞ்சளாக வரி வரியாக, நாலு அல்ல, ஏழெட்டுக் கோடுகள்.

"உங்கப்பா இல்லடி. மரம். ஈரம் பட்டா இப்படித்தான். உள்ள பாலிஷ் போடச் சொன்னாரு, நான்தான் போடல."

மகள் துணியையே பார்த்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல் கறையிலேயே."

"அப்புறம் ஏன்மா சொல்லல?"

"நீ போயிடுவியேன்னு."

மகள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். போகவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"அப்போ அவருக்கு என்மேல கோவம் இல்லையா?"

"கோவக்காரன் செய்யற அலமாரியாடி இது? கொறையெல்லாம் நான் வச்சது."

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் அந்த வேலைக்குச் சரி என்று சொன்னாள். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மழைக்காற்றில் அரக்குப் பூசினால் வெள்ளை பூத்துவிடும். வெயிலுக்குக் காத்திருந்து, மகள் கிளம்பும் முன்பே தட்டுத் தட்டாக உப்புத்தாள் தேய்த்துப் பாலிஷ் ஏற்றினாள். மகள் தனக்கு வேண்டிய துணிகளை எடுத்துக்கொண்டது போக, மீதி அலமாரியில் கறையில்லாமல் இருந்தன.

கடைசித் தட்டின் கடைசி ரீப்பரை மட்டும் பஞ்சு படாமல் விட்டுவைத்தாள்.

மகள் போய், வீட்டில் ஒரே சாப்பாட்டுத் தட்டு விழத் தொடங்கிய பிறகு மறுபடியும் மழை பிடித்தது. பாலிஷ்காரம்மா தன் வெள்ளைத் துண்டை அரைகுறையாகப் பிழிந்து, அந்த ரீப்பரின் மேல் வைத்துக் கதவைச் சாத்தினாள். காலையில் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

ஒரே ஒரு விரல்.